முந்திரிச் சாம்பல் பச்சை

திருவரங்குளத்துக்குப் போகிற வழியில் என் அண்ணன் கோழிப்பண்ணை வைத்திருந்தார். நோய் வந்து கோழிகள் மொத்தமாகச் செத்த பிறகு அந்தத் தொழிலே வேண்டாமென்று விட்டுவிட்டார். நீளமான கொட்டகை மட்டும் சும்மா கிடந்தது. கல்லூரியில் செராமிக் படித்து, புதுச்சேரியில் ஒருவருடைய ஸ்டூடியோவில் சில வருடங்கள் வேலை பார்த்துவிட்டு நான் ஊருக்குத் திரும்பியபோது, "அங்கிட்டு வேணா ஒன் பட்டறையப் போட்டுக்க, எனக்கு அது இனிமே ஆகாது" என்றார். கம்பிவலையைப் பிரித்து எடுத்தேன். கேஸ் சூளை ஒன்று கட்டினேன். எத்தனை முறை கழுவிவிட்டாலும் மழை பெய்தால் இன்றைக்கும் தரையிலிருந்து கோழிவாடை வருகிறது.

முதலில் என் கையில் வந்ததெல்லாம் புதுச்சேரியில் செய்த பாத்திரங்கள்தான். அதே வடிவம், அதே நீலம். வேறொருவருடைய கையெழுத்தில் எழுதுவதுபோல இருந்தது. அந்தச் சமயத்தில் ஒரு புயலில் அண்ணனுடைய முந்திரித் தோப்பு பாதிக்கு மேல் விழுந்துவிட்டது. விறகாகப் போனது போக மீதியைத் தோப்பிலேயே எரித்தார்கள். அந்தச் சாம்பலைச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்தேன். சாம்பலும் மண்ணும் கலந்து பூசிச் சுட்டால், அது கண்ணாடிபோல உருகிப் பாத்திரத்தின் மேல் படியும். அதைத்தான் கிளேஸ் என்கிறோம். படிக்கும்போது தெரிந்துகொண்டது. செய்து பார்த்தால் ஒழுங்காக வரவில்லை. ஒருமுறை வழிந்து சூளைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும், ஒருமுறை சொரசொரவென்று நின்றுவிடும்.

பக்கத்து ஊரிலிருந்து ஓர் அக்கா வேலைக்கு வந்தார். நூறு நாள் வேலை இல்லாத நாட்களில் மண் மிதிப்பார், சாம்பலைத் தண்ணீரில் கரைத்துத் துணியில் வடிகட்டுவார். சாம்பல் தண்ணீர் கையை அரித்துவிடும். கையுறை வாங்கிக் கொடுத்தேன். "இதப் போட்டுக்கிட்டா கை இருக்குறதே தெரியல" என்று கழற்றி வைத்துவிட்டார்.

ஒருநாள், சூளையின் அடித்தட்டில் காற்று சரியாகப் போகாத மூலையில் வைத்த சோதனை ஓடு ஒன்று மட்டும் பச்சையாக வந்தது. கண்மாய் ஓரத்தில் பாசி படிந்த தண்ணீரின் பச்சை, விளிம்புகளில் பழுப்பு. அதைக் கையில் வைத்துக்கொண்டு கொட்டகை வாசலில் வெகுநேரம் நின்றேன். மறுபடி அதை வரவழைக்க வருடக் கணக்கில் ஆயிற்று. சூளைக்குக் காற்றை எப்போது குறைப்பது, எவ்வளவு குறைப்பது என்பதில்தான் எல்லாம் இருந்தது. பிடிபட்ட பிறகு நீலத்தை மறந்தேன். நான் செய்தவை முதல்முறையாக என்னுடையவையாக இருந்தன.

திருமயம் பக்கத்து ஊர் ஒன்றில் பழைய பெரிய வீட்டை ஹோட்டலாக மாற்றியிருந்த ஆச்சி என்னைத் தேடி வந்தது அப்போதுதான். ஆச்சி என்றால் வயதானவர் இல்லை. செட்டிநாட்டுக் குடும்பங்களில் பெண்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். சென்னையில் வளர்ந்தவர், என் வயதுதான் இருக்கும். தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எப்படிங்க இந்தக் கலர் வருது?" என்று கேட்டார். அதுவரை அந்தக் கேள்வியை யாரும் உண்மையிலேயே தெரிந்துகொள்வதற்காகக் கேட்டதில்லை. சாம்பல், தோப்பு, சூளையின் மூலை என்று ஒன்று விடாமல் சொன்னேன். அவர் செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டார். ஹோட்டலுக்கு வேண்டிய சாப்பாட்டுத் தட்டுகள் முழுவதையும் என்னிடமே சொல்லிவிட்டுப் போனார்.

தட்டு செய்வது குவளை செய்வது மாதிரி இல்லை. காயும்போது வளையும், சுடும்போது நடு எழும்பும். நூறு தட்டும் ஒரே அளவில் வரவேண்டும் என்றால் கையை வேறு மாதிரிப் பழக்கவேண்டும். பழக்கினேன். காயவைக்க ரேக் அடித்தேன், வேலைக்கு ஒரு வரிசை வைத்துக்கொண்டேன். கொட்டகை உண்மையான ஸ்டூடியோ ஆனது ஆச்சியின் தட்டுகளால்தான். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அடுத்த குளிர்காலத்தில் ஆச்சி போன் செய்தார். "வெளிநாட்டு கெஸ்ட் நிறைய வாராங்க. ஞாயித்துக்கிழமை நம்ம வளவு முத்தத்துல சக்கரம் போட்டு நீங்க செஞ்சு காமிச்சா நல்லாருக்கும்."

"செய்றேங்க. எப்படிச் செய்றதுன்னு அவங்ககிட்ட இங்கிலீஷ்லயே பேசலாம்."

"இல்லைங்க, பேச வேண்டாம். மேனேஜர் சொல்லிக்குவாரு. நீங்க கண்டாங்கிச் சேலை கட்டிக்கிட்டு உக்காந்தாப் போதும். மூக்குக் கண்ணாடி வேண்டாம். அவங்களுக்கு ஒரு ஃபீல் வேணும், புரியுதுங்களா?"

புரிந்தது. முடியாது என்றேன். அவர் கோபப்படவில்லை. "பரவால்லைங்க" என்று போனை வைத்தார்.

அந்த மாதமே அக்கா வந்து, இனி வரமுடியாது என்றார். ஹோட்டலில் கூப்பிட்டிருக்கிறார்களாம்.

"ஒங்களுக்குச் சக்கரத்துல வேலை தெரியாதேக்கா."

"தெரிய வேண்டாமாம். மண்ண வச்சு சுத்திக்கிட்டே இருந்தாப் போதுமாம்." தலையைக் குனிந்துகொண்டார். "மாசச் சம்பளம் ஆத்தா. மத்தியானச் சோறு போடுறாங்க. இங்க சாம்பத் தண்ணில எங் கையி எப்படி ஆயிருச்சு, பாத்தியா."

கையை நீட்டினார். பார்த்தேன். நானும் போகாதீர்கள் என்று சொல்லவில்லை.

தட்டுகளுக்கான ஆர்டரும் அதோடு நின்றது. காரணம் கேட்டபோது, இருப்பது போதும் என்றார்கள். சில மாதம் கழித்து, முதலில் பார்வைக்குக் கொடுத்திருந்த சாம்பிள்களைத் திரும்ப வாங்க நேரில் போனேன். சாப்பாட்டு அறையில் மேஜை மேஜையாக என் தட்டுகள். ஒன்றை எடுத்ததும் தெரிந்துவிட்டது, என்னுடையது இல்லை. எடை குறைவு. அடியில் அச்சின் கோடு. எங்கோ வடக்கே ஒரு ஃபாக்டரியில் போட்டு வாங்கியிருக்கிறார்கள். வடிவம் அதேதான். பச்சை ஏறக்குறைய அதேதான், விளிம்புப் பழுப்பைக்கூட பிரஷ்ஷால் தீட்டியிருந்தார்கள். பக்கத்தில் ஓர் அட்டை. இந்தக் கிராமத்துப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக முந்திரிச் சாம்பலில் செய்துவரும் தட்டுகள் இவை என்று ஆங்கிலத்தில் இருந்தது. நான் ஒருத்தி வருடக் கணக்கில் கெடுத்துக் கெடுத்துக் கண்டுபிடித்ததற்குத் தலைமுறைகள் முளைத்திருந்தன.

வளவில் அக்கா உட்கார்ந்திருந்தார். கண்டாங்கிச் சேலை, தலையில் கதம்பம். சக்கரத்தில் மண்ணுருண்டை சுற்றிக்கொண்டே இருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்தார். மேனேஜர் கையைக் காட்டவே மறுபடி உட்கார்ந்துவிட்டார். "சாப்ட்டியா ஆத்தா?" என்று அங்கிருந்தபடியே கேட்டார். சாப்பிட்டேன் என்றேன். சாம்பிள்களைக் கேட்காமலே வந்துவிட்டேன்.

வக்கீல் ஒருவரிடம் விசாரித்தேன். நிறத்துக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாதம்மா என்றார். அதுவும் சரிதான்.

அப்புறம் சென்னையில் சிலரோடு சேர்ந்து ஒரு கண்காட்சி வைத்தேன். அந்தப் பச்சையில் பெரிய ஜாடிகள், நான் செய்தவற்றிலேயே நன்றாக வந்தவை. ஒரு அம்மாள் நின்று பார்த்தார். "அந்தச் செட்டிநாட்டு ஹோட்டல்ல இதே மாதிரி வச்சிருக்காங்க, பாத்திருக்கேன். அங்கதான் கத்துக்கிட்டீங்களா?" என்று அன்பாகத்தான் கேட்டார்.

"இல்லைங்க" என்றேன். மேற்கொண்டு சொல்லப்போனால் பொறாமைக்காரியின் பேச்சாகத்தான் கேட்கும் என்று அந்த நிமிடத்தில் தெரிந்தது. அன்று மாலை வரை ஜாடிகளின் பக்கம் நான் போகவே இல்லை.

இப்போது அந்தப் பச்சையைப் பூசுவதில்லை. பூசினால் எனக்கே நகல்போலத் தெரிகிறது. அதுதான் என்னிடமிருந்து உண்மையில் எடுத்துக்கொள்ளப்பட்டது. மீதமிருந்த சாம்பலை அண்ணன் தென்னைக்குப் போட்டுவிட்டார்.

எங்கள் பக்கத்து மண்ணில் கிடைக்கும் செம்புறாங்கல்லை இடித்து வேறொரு கிளேஸ் செய்திருக்கிறேன். கறுப்பு, வெளிச்சத்தில் சிவப்பு ஓடும். நன்றாகத்தான் இருக்கிறது. போன மாதம் கல்லூரி மாணவிகள் சிலர் ஸ்டூடியோவைப் பார்க்க வந்தார்கள். அவர்களில் ஒருத்தி ஒரு கிண்ணத்தை எடுத்து, எப்படி மேடம் இது என்று கேட்டாள். உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற ஆசை அவள் முகத்தில் இருந்தது.

"கடையில விக்கிற பவுடர்தான்" என்றேன்.

அவள் முகம் வாடிப்போயிற்று. கிண்ணத்தைப் பத்திரமாகத் திரும்ப வைத்துவிட்டு மற்றவர்களோடு பஸ்ஸுக்குப் போனாள்.