வராத எதிராளி

ஃபிரிட்ஜ் கடையில் மலை என்றால் எல்லோருக்கும் தெரியும். ஒற்றை ஆளாக ஃபிரிட்ஜை முதுகில் கட்டிக்கொண்டு மாடி ஏறுகிற மனுஷர். ஒரு காலத்தில் அவர் கனரகப் பிரிவில் குத்துச்சண்டை வீரர். அந்த இடது கையின் வேகத்தைப் பார்த்துப் பயிற்சியாளரே வாயைப் பிளந்தாராம். என்ன பிரயோஜனம்? அந்த எடையில் மோத ஆளே கிடைக்கவில்லை. இருந்த ஒன்றிரண்டு பேரும் மலையின் பெயரைக் கேட்டதுமே காய்ச்சல் என்று படுத்துக்கொண்டார்கள். மேடையில் அவர் மட்டும் நிற்பார். நடுவர் கையைத் தூக்கிவிடுவார். பதக்கம் வந்துவிடும்.

"வேர்க்காமலே ஜெயிச்சுட்டு வர்ற ஆம்பளை நீங்க ஒருத்தர்தான்" என்று மனைவி கேலி செய்வாள்.

வெளிநாட்டுப் போட்டியில் நிஜமாகவே ஒருவன் எதிரே வந்து நின்றான். அடி வாங்கிப் பழகாத மலை முதல் சுற்றிலேயே சாய்ந்தார். அதோடு சரி.

இன்று நாலாவது மாடியில் ஃபிரிட்ஜை இறக்கி வைத்துவிட்டு, மலை தோளில் கட்டியிருந்த பட்டையை அவிழ்த்தார். அந்த வீட்டு ஆள், அவரும் நல்ல வாட்டசாட்டம், மலையையே உற்றுப் பார்த்தார்.

"அண்ணே, நீங்க மலைதானே? நீங்க வெளிநாடு போறதுக்கு முன்னாடி இங்க நடந்த கடைசிப் போட்டியில உங்களோட மோத வேண்டியவன் நான்தான். உங்க இடது கையை நினைச்சுப் பயந்து, சொல்லாம கொள்ளாம பஸ் ஏறிட்டேன்!"

என்னவோ மலைக்குப் பெருமை சேர்த்துவிட்ட மாதிரி சிரித்தார்.

மலைக்குச் சிரிப்பு வரவில்லை. தோளில் பட்டை பதிந்த இடத்தைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்:

"வந்து ரெண்டு குத்து விட்டிருக்கக் கூடாதாப்பா?"