சைதாப்பேட்டைப் பெண்ணின் தேமல்

கந்தகக் களிம்புக்கு ஒரு நெடி உண்டு. தீபாவளிக்கு மறுநாள் தெருவில் வீசுமே, கிட்டத்தட்ட அதே நெடி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ஒரு கோடை முழுவதும், ஒன்பது வயதுப் பெண்ணாக, அந்த நெடியோடுதான் நான் மயிலாப்பூர் வீதிகளில் சுற்றினேன். அதற்காகக் கொஞ்சமும் வெட்கப்படவில்லை. அதற்கு முன்பு என்னை வீட்டுக்குள்ளேயே ஒளித்து வைத்திருந்தார்கள், வெளியே விட்டதே எனக்குப் பெரிதாக இருந்தது.

எங்கள் நைனா, அதாவது அப்பா, கால்வாய்க் கரையில் "விறகுத் தொட்டி" வைத்திருந்தார். படகில் வந்து இறங்கும் சவுக்குக் கட்டைகளை எடை போட்டு விற்கும் கடைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். வீட்டில் அம்மா, கல்யாண வயதில் அக்கா தனம், கடைக்குட்டியான நான், எங்களோடு நைனாவின் தமக்கையான அத்தை. ராயப்பேட்டைக்காரர்கள் வந்து அக்காவைப் பார்த்துப் பிடித்துப் போய், தட்டு மாற்ற நாள் பார்த்துக்கொண்டிருந்த சமயத்தில், என் கழுத்து திட்டுத் திட்டாக வெளுக்கத் தொடங்கியது. வெண்குஷ்டம் என்ற சொல்லை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, "அது" என்றார்கள். "அது" இருக்கிற வீட்டில் எவரும் பெண் எடுக்க மாட்டார்கள் என்பது எனக்கே தெரியும். அக்காவுக்கு அந்த மாப்பிள்ளையை ரொம்பப் பிடித்திருந்தது என்பதும் தெரியும், ஏனென்றால் எனக்குத் தலை வாரும்போது பாட ஆரம்பித்திருந்தவள், என் கழுத்தைப் பார்த்த நாளிலிருந்து பாடுவதை நிறுத்திவிட்டாள்.

வைத்தியம் கேட்டு வருகிற பொறுப்பை அத்தை ஏற்றுக்கொண்டாள். அவள் கேட்கிற விதமே தனி, நோயாளியைக் கூட்டிக்கொண்டு போகவே மாட்டாள். "எங்களுக்குத் தெரிஞ்சவங்க பொண்ணு ஒண்ணு சைதாப்பேட்டையில கீது, அதுக்குக் கழுத்துல வெளுப்பா கீதாம், இன்னா போடலாம்?" என்று மாடவீதி வைத்தியரிடம் கேட்பாள், நாட்டு மருந்துக் கடையில் கேட்பாள், நொச்சிக்குப்பத்திலிருந்து மீன் கொண்டு வருகிறவளிடமும் கேட்பாள். ஆளைப் பார்க்காமல் அவர்கள்தான் என்ன செய்வார்கள், பாவம்; காதில் விழுந்ததற்கு மருந்து சொன்னார்கள். இல்லாத அந்தச் சைதாப்பேட்டைப் பெண்ணுக்குச் சொன்ன மருந்தெல்லாம் என் கழுத்துக்கு வந்து சேர்ந்தது. பூவரசங்காய்ப் பால் பூசினாள், எலுமிச்சை தேய்த்தாள், கடைசியில் கார்போக அரிசி என்கிற மருந்து விதையை விழுதாக அரைத்து அப்பி, கொல்லைப்புற வெயிலில் உட்கார வைத்தாள். எவ்வளவு பூசுவது, எவ்வளவு நேரம் காய்வது என்று யாரையும் கேட்கவில்லை. இரண்டொரு நாளில் கழுத்தெல்லாம் கொப்புளம் கிளம்பிவிட்டது.

"ஆஸ்பத்திரிக்கு மட்டும் இட்டுக்கினு போவாத. ஊரே பாக்கும், தனத்தோட வாழ்வு போச்சு" என்று அத்தை சொன்னபோது, கொப்புளத்தில் ஒட்டிக்கொண்ட ரவிக்கையைத் தண்ணீர் விட்டு மெதுவாகப் பிரித்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு வந்ததே கோபம். "பாக்கட்டும். இது கொழந்த தோலா, இல்ல நம்ம தொட்டி விறகா?" என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, பட்டப்பகலில், கழுத்தைத் துணி போட்டு மூடாமல், மாடவீதி வழியாகவே பெண்கள் ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை என்றாலும் திருவிழாவுக்குப் போகிற மாதிரி இருந்தது.

டாக்டரம்மா, "யாருக்கு உடம்பு?" என்று கேட்டார். அத்தனை தைரியமாக வந்த அம்மா, வீட்டுப் பழக்க தோஷம், "எங்களுக்குத் தெரிஞ்சவங்க பொண்ணு ஒண்ணு" என்று தொடங்கிவிட்டாள், என் கையை விடாமலே. டாக்டரம்மா சிரிக்கவில்லை. "சரி, அந்தப் பொண்ணை இப்படி உக்கார வையுங்க" என்றார். கொப்புளம் இல்லாத இடத்தில் நகத்தால் லேசாகச் சுரண்டினார். மாவு மாதிரி உதிர்ந்தது. தோல் மரத்துப் போயிருக்கிறதா என்று பார்க்க, கண்ணை மூடச் சொல்லி, பஞ்சால் தொட்டு எங்கே தொடுகிறேன் என்று கேட்டார், சரியாகச் சொன்னேன்.

"இது தேமல். வேர்வைக்கு வரது. கொப்புளம் நீங்க போட்ட மருந்தால வந்தது, அது ஆறின அப்புறம் நான் தர கந்தகக் களிம்பைப் பூசுங்க" என்றார். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்து, "நீங்க பயந்தது இது இல்லைம்மா. அதுவாவே இருந்தாலும் யாருக்கும் ஒட்டாது" என்றார். அம்மா அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

ஆனால் ஊர் பார்த்துவிட்டது. அந்த மட்டில் அத்தை சொன்னது சரி. களிம்பு பூசத் தொடங்கிய சில நாட்களில் மாப்பிள்ளையின் தாயார் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை, கொடுத்த தண்ணீரையும் தொடவில்லை. உறவு வேண்டாம் என்று நினைத்து வருகிறவர்கள்தான் அப்படித் தண்ணீரைத் தொட மாட்டார்கள். "சின்னப் பொண்ண ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போனீங்களாமே, இன்னா கீது அதுக்கு?" என்று நேராகவே கேட்டார். அத்தை என்னை அடுப்படிக்குள் தள்ளினாள். நைனா, "வேர்க்குரு" என்று இழுத்தார்.

பெண் பார்க்க வந்தபோதுகூட வாய் திறக்காத அக்கா அப்போது அடுப்படியிலிருந்து என்னை இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். அவர் எதிரிலேயே தரையில் உட்கார்ந்து, என்னை மடியில் வைத்துக்கொண்டு, ரவிக்கைக் கழுத்தைத் தளர்த்திக் காட்டினாள்.

"தேமலுங்க. டாக்டரம்மா பாத்துச் சொன்னாங்க. நல்லா பாத்துக்குங்க. அப்பாலயும் சந்தேகம்னா இப்பவே சொல்லிடுங்க."

சொல்லிவிட்டு, அந்தக் களிம்புக் கழுத்தில் தன் கன்னத்தை வைத்துக்கொண்டாள். அந்த அம்மாள் குனிந்து, அவசரப்படாமல் பார்த்தார். "இதுக்கா இத்தினி மறைச்சீங்க?" என்று நைனாவைக் கேட்டார். பிறகு உட்கார்ந்து, "அந்தத் தண்ணிய இப்படிக் குடு, தனம்" என்றார். ஆவணியில் கல்யாணம் நடந்தது.

இன்று கால்வாயில் படகு இல்லை; விறகுத் தொட்டி இருந்த இடத்தில் மாடி வீடுகள் நிற்கின்றன. என் பேத்தி ஒரு பருவுக்கும் நாலு முடி உதிர்ந்ததற்கும் தானே தோல் டாக்டரிடம் போய் உட்கார்ந்து, விலாவாரியாகச் சொல்லி மருந்து வாங்கி வருகிறாள். நன்றாகத்தான் இருக்கிறது, நான் குறை சொல்ல மாட்டேன். அக்காதான் இல்லை. அவள் போவதற்கு முந்தின வருஷம், கேட்க வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன்: "டாக்டரம்மா அதுதான்னு சொல்லியிருந்தா இன்னாக்கா பண்ணியிருப்ப?"

"அதையே சொல்லியிருப்பேன். கல்யாணம் நின்னு போயிருக்கும்" என்றாள். வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு சேர்த்துச் சொன்னாள்: "நீ மடியிலதான் இருந்திருப்ப."