இரண்டாம் கம்பியும் மூன்றாம் கம்பியும்

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை, ஒரு பிரிண்டரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தேன். சாஃப்ட்வேர் என்ஜினியர் போய் பிரிண்டரிடம் கெஞ்சலாமா? கெஞ்சினேனே!

விஷயம் இதுதான். என் மனைவி வசந்தா, டெலிபோன் செய்யும் ஃபேக்டரி ஒன்றில் பதினான்கு வருடமாக வயரிங் செக்‌ஷனில் இருக்கிறாள். அங்கே சூப்பர்வைசர் இடம் காலி. இதுவரை பெண்கள் யாரும் உட்காராத நாற்காலி. டைப் அடித்த விண்ணப்பம் வேண்டும்... கடைசி நாள் அந்த வெள்ளி.

"தெருமுனை டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்ல குடுத்து அடிச்சுக்கிறேங்க" என்றாள்.

விடுவேனா? தொம்மலூர் வீட்டில் கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டிருக்கிறேன். ஆபீஸில் கழித்துக்கட்டிய பிரிண்டரையும் ஆட்டோவில் ஏற்றி வந்தாயிற்று. கம்ப்யூட்டரின் முதுகில் சீரியல் போர்ட் என்கிற சாக்கெட்டில் மாட்டும் ரகம். அதற்குக் கேபிள் வாங்கப் போனபோது, எதற்கு என்று கடைக்காரர் கேட்டார். "எனக்குத் தெரியும், குடுங்க" என்றேன்.

விண்ணப்பத்தை அடித்தேன். கேபிளை மாட்டினேன். பிரிண்ட் கொடுத்தேன். பிரிண்டர் — கல்லுப் பிள்ளையார்!

கழற்றி மாட்டினேன். அணைத்துப் போட்டேன். "அஞ்சே நிமிஷம்" என்று ஐந்து முறை சொன்னேன். மணி பன்னிரண்டு. இன்ஸ்டிட்யூட்டை மதியத்துக்கு மூடிவிட்டார்கள். ஒன்றே காலுக்கு அவளுடைய இரண்டாம் ஷிஃப்ட் பஸ். என் வீம்பால் அவள் வாய்ப்பு போய்விடுமோ?

"ஸ்வல்ப நகருங்க" என்று பாதிக் கன்னடத்தில் என்னை விலக்கிவிட்டு, ஃபேக்டரிக்குக் கட்டிய புடவையோடு தரையில் உட்கார்ந்தாள். கேபிளின் இரண்டு முனைகளையும் ஸ்க்ரூ கழற்றித் திறந்தாள். பிரிண்டர் மேனுவலை என்னிடம் தள்ளினாள்.

"கம்ப்யூட்டர் எந்தக் கம்பியில பேசுது?"

"ரெண்டு."

"பிரிண்டர்?"

பார்த்தேன். "அதுவும் ரெண்டு. கேக்கிறது ரெண்டுக்குமே மூணு."

"இங்க ரெண்டுக்கு ரெண்டு, மூணுக்கு மூணுன்னு நேரா கட்டியிருக்கு. ரெண்டு பேரும் ஒரே கம்பியில பேசினா, கேக்கிறது யாருங்க?"

நான் வாங்கி வந்தது கம்ப்யூட்டரை டெலிபோன் லைனில் சேர்க்கும் மோடத்துக்கான கேபிள்.

அக்கம்பக்கத்து ரேடியோக்களை ரிப்பேர் செய்ய அவள் வைத்திருக்கும் சால்டரிங் அயர்ன் சூடாயிற்று. இரண்டையும் மூன்றையும் மாற்றிப் பற்றவைத்தாள். மேனுவலைப் பார்த்து மற்ற சில கம்பிகளையும் மாற்றினாள். துளி அவசரம் இல்லை. பிரிண்டர் விழித்துக்கொண்டு கன்னாபின்னாவென்று கிறுக்கியது. கம்ப்யூட்டர் அனுப்பும் வேகமும் பிரிண்டர் வாங்கும் வேகமும் ஒத்துப்போகவில்லை. அதை நான் சரிசெய்தேன். என் பங்கு அவ்வளவுதான்!

ஒன்று பத்துக்கு, விண்ணப்பத்தை மடிக்காமல் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் தொழிலை நான் நின்று கவனித்தது அன்றைக்குத்தான். வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாய்ப் பெருமையாக இருந்தது.

போன வாரம் இன்டர்வியூ. "கடைசியா நீங்க கண்டுபிடிச்ச ஃபால்ட் என்னம்மா?" என்று கேட்டார்களாம்.

"வீட்டுல ஒரு சாஃப்ட்வேர் என்ஜினியர் பண்ணினது சார்" என்று ஆரம்பித்து, ஒன்று விடாமல் சொல்லியிருக்கிறாள். அதிகாரிகள் சிரித்தார்களாம். கம்பிகளை வரைந்து காட்டச் சொன்னார்களாம். வரைந்திருக்கிறாள்.

நேற்று ஆர்டர் வந்துவிட்டது. வயரிங் செக்‌ஷனின் முதல் பெண் சூப்பர்வைசர்!

அந்த ஃபால்ட் நான்தான் என்பதைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.