மாமா மடியும் கொதித்த ஊசியும்

மொட்டைத் தலையில் அப்பிய சந்தனம் காயக் காயக் குளிர்ந்து தோலை இழுத்ததை நினைக்கும்போதெல்லாம் ஒரு கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது. எனக்குக் காது குத்திய அன்று அம்மாவின் இடத்தில் நான் இருந்திருந்தால், என் மகளைச் செல்வம் மாமாவின் மடியில் உட்கார வைத்திருப்பேனா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

பட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவர் துபாயிலோ சிங்கப்பூரிலோ இருந்த காலம் அது. அம்மாவின் தம்பியான செல்வம் மாமா துபாயில் டிரைவர். தாய்மாமன் மடியில்தான் காது குத்த வேண்டும் என்பதால், அவர் வரட்டும் வரட்டும் என்றே எனக்கு ஏழு வயதாகிவிட்டது. சொன்ன நாளுக்கு முன்பாகவே வந்தார். விசாவைப் புதுப்பிக்க எடுத்த 'மெடிக்கல்'லில் ரத்தத்தில் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்து, திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதை அவரே வீட்டில் சொல்லிவிட்டு, தஞ்சாவூரில் மாத்திரை வாங்கவும் தொடங்கியிருந்தார்.

குலதெய்வக் கோயிலில் எனக்கும் அப்பாவுடன் பிறந்த அத்தையின் மகள் சுதாவுக்கும் ஒரே நாளில் காதுகுத்து. சுதாவுக்கு முடிந்ததும் மாமா பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். அத்தை அம்மாவின் காதருகே, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி, "வேற யாராச்சும் உக்காரட்டுமே, புள்ளைக்கு ஒட்டிக்கிட்டா?" என்றார். என் தோளிலிருந்த அம்மாவின் பிடி இறுகியது.

"நான் என்ன பலாப்பழமாக்கா, மடியில உக்காந்தா ஒட்டிக்க?" என்று சிரித்த மாமா, ஆசாரி சுதாவுக்குக் குத்திய ஊசியைத் துணியில் துடைப்பதைப் பார்த்துவிட்டார்.

"அதே ஊசியா இவளுக்கும்?"

"எங்கப்பா காலத்து ஊசி தம்பி, எத்தனை காது பாத்திருக்கும்!"

"அதாங்க பயமே. மடியில வராதுங்க. ஒருத்தர் ரத்தம் பட்ட ஊசிய இன்னொருத்தருக்குக் குத்துனா வரும்."

கடையிலிருந்து புது ஊசி வந்து, பொங்கல் பானைக்குப் பக்கத்து அடுப்பில் கொதித்தது. "பொங்கலுக்குத் தொட்டுக்க ஊசிக் குழம்பா?" என்று அத்தை நொடிக்க, ஆசாரியே சிரித்துவிட்டார். அம்மா சிரிக்கவில்லை. கொதிக்கிற தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தவள், சட்டென்று என்னைத் தூக்கி, தன் கையாலேயே தம்பியின் மடியில் வைத்தாள். நான் கத்திய கத்தலில் கோயில் வேம்பிலிருந்த காக்கைகள் ஊரைவிட்டே போய்விட்டதாக மாமா இன்றும் கேலி செய்கிறார்.

இப்போது நகைக்கடையிலேயே 'கன்' வைத்துக் குத்திவிடுகிறார்கள். ஆசாரியும் இல்லை, அந்த ஊசியும் இல்லை. அத்தையின் பயமும் போய்விட்டது. மீன் குழம்பு வைத்தால் தலைத் துண்டை மாமாவுக்கு எடுத்து வைப்பவர் அவர்தான். மாத்திரையை விடாமல் சாப்பிட்டு வருவதால் கிருமி ஒடுங்கிவிட்டது, இனி உடலுறவின் மூலம்கூட யாருக்கும் பரவாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம்.

போன வாரம் மாமா மாத்திரை விழுங்குவதைப் பார்த்த என் ஆறு வயது மகள், எதற்கு என்று கேட்டாள். தொட்டால் வராது, ஒரே தட்டில் சாப்பிட்டால் வராது, கொசு கடித்தாலும் வராது, ரத்தம் பட்ட ஊசியால் வரும், மருந்து சாப்பிடாத அம்மாவிடமிருந்து பாப்பாவுக்கும் வரலாம் என்று, படித்தவள் என்ற தைரியத்தில் அடுக்கிக்கொண்டே போனேன்.

"அப்ப மாமா தாத்தாவுக்கு எந்த ஊசில வந்துச்சும்மா?"

ஊசியில் வரவில்லை. ஆணுறை இல்லாத உடலுறவில் வந்தது. நான் கல்லூரியில் சேர்ந்தபோது மாமாவே கூச்சப்படாமல் என்னிடம் சொன்ன அந்த வாக்கியம், மகளிடம் எனக்கு வரவில்லை. "தோசை ஆறுது, சாப்பிடு" என்றேன். பொய் சொல்லவில்லைதான், ஆனால் பதிலும் சொல்லவில்லையே.

ஆறு வயதுக்கு இதை எவ்வளவு சொல்லலாம், எந்த வார்த்தையில் சொல்லலாம்? உங்கள் பிள்ளைகளுக்குச் சொன்னவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். அவள் விடுகிற ஆள் இல்லை, திரும்பவும் கேட்பாள்.