என் வீட்டில் நுழைந்த இத்தாலிக்காரர்

அந்த இத்தாலிக்காரரை நினைத்தாலே எனக்கு வயிறு எரியும். பெரிய கட்டடக் கலைஞராம், செத்துப்போய் எத்தனையோ வருஷமாம். சென்னையில் ஆர்க்கிடெக்சர் படிக்கும் எங்கள் மகள் அவரைப் பற்றித்தான் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தாள். சாயங்காலமானால் அப்பாவுக்கு போன். என்னிடம் "சாப்ட்டியாம்மா?" என்று ஒரு கேள்வி, அதோடு சரி.

எங்களுடையது இரண்டு பேர் சேர்ந்து நெய்யும் பட்டுத் தறி. என் வீட்டுக்காரர் புடவையின் உடலுக்குக் குறுக்கு நூல் சுற்றிய நாடா விடுவார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நாடா விடுவேன். இரண்டும் இழைக்கு இழை கோத்துக்கொண்டு வரவேண்டும். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அவர் பேசுவார். இத்தாலிக்காரர் முதலில் வீடு கட்டினாராம், அப்புறம் நாற்காலி, விளக்கு என்று செய்தாராம், கடைசியில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, ஒரு பொருள் ஏன் இப்படி இருக்கவேண்டும் என்று புத்தகம் புத்தகமாக எழுதினாராம். "இன்னா மூளைம்மா அந்தாளுக்கு!" என்று இவர் உருகுவார். நான் வாயைத் திறந்தால், "இரு, கேட்டுகினு கீறேன் இல்ல" என்று அதட்டல். பெற்றவள் நான், பேச்சு மட்டும் அவருக்கா?

நானும் விடவில்லை. மத்தியானமே இத்தாலிக்காரரைப் பற்றி ஒரு வீடியோவைத் தேடிப் பார்த்து வைத்துக்கொண்டேன். சாயங்காலம் போன் அடித்ததும் முந்திக்கொண்டு எடுத்து வாசலுக்குப் போய்விட்டேன்.

"உங்க ஆளு கட்ன ஸ்டேடியம் சூப்பரா கீதுடி!"

"ஐயோ அம்மா, அது வேற இத்தாலிக்காரரு!" விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு முகம் செத்துப்போனது. சிரிப்பு அடங்கியதும் சொன்னாள்: "இவரு இன்னா சொல்றாருன்னா, ஒரு பொருளைச் செய்றதுக்கு முன்னாடி, அதுல உக்கார்றவங்க உடம்பைக் கேக்கணும்னு. ஏம்மா, தறியில உக்காந்தா உனக்கு எங்க வலிக்கும்?"

இத்தனை வருஷத்தில் யாரும் கேட்டதில்லை. இடுப்பு என்றேன். இடது முட்டி என்றேன். அவள் கேட்கக் கேட்க நான் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

உள்ளே வந்தால் அவர் பாட்டுக்கு நெய்துகொண்டிருக்கிறார், காது மட்டும் வாசலில். குனிந்து பார்த்தேன். புடவையின் உடல் நாலு விரல் வளர்ந்திருக்கிறது, கரையில் குறுக்கு நூலே ஓடாமல் வெறும் பாவு நூல் நிற்கிறது.

"அடக் கடவுளே! நான் இல்லாம யாருங்க கரை விடறது?"

அவர் புடவையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அவ்ளோ நேரம் ரெண்டு பேரும் இன்னா பேசிகினு இருந்தீங்க?" என்றார். முகம் சுண்டிப்போயிருந்தது.

பாவமாகத்தான் இருந்தது. "அது எனக்கும் என் பொண்ணுக்கும்" என்றேன்.