மீன் நறுக்கும்போது

அரசு மருத்துவமனையில் அவசரப் பிரிவையும் பிணவறையையும் நானே மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. ஒரு நாள் காலையில் வெள்ளானூரிலிருந்து ஒரு பெண் வலது கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தாள். அம்பத்தூரில் துணி தைக்கும் கம்பெனியில் வேலை செய்பவள். துண்டைப் பிரித்தேன். நான்கு விரல்களின் உட்புறத்திலும் ஒரே கோட்டில் வெட்டு.

"மீன் ஆஞ்சிக்கினு இருந்தேன் டாக்டரம்மா. அருவாமணை வழுக்கிடுச்சி."

அரிவாள்மணை அப்படி வெட்டாது. குத்த வந்த கத்தியை மூடிப் பிடித்த கை அது. கதவருகே சீட்டோடு நின்றிருந்த அவள் புருஷனை வெளியே அனுப்பினேன்.

"போலீஸுக்குச் சொல்லட்டுமா?"

"வாணாம்மா. நீங்க எழுதிட்டுப் பூடுவீங்க. ஊட்டுக்கு நான்தான போவணும்? மிஷின்ல உக்காரணும், கை சரியாப் பூடுமா?"

வெளியே வரிசை நீண்டிருந்தது. தையல் போட்டேன். 'மீன் நறுக்கும்போது ஏற்பட்டதாக நோயாளி கூறுகிறார்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

நான்கு மாதம் கழித்து அவளைப் பிணவறையில் பார்த்தேன். மார்பில் இரண்டு குத்து. ஒன்று இதயத்தைத் தொட்டிருந்தது. இரண்டு கைகளிலும் புதிய வெட்டுகள். நான் தைத்த தழும்பையும் அளந்து குறித்துக்கொண்டேன். வெளியே காத்திருந்த அவள் அண்ணன், "ரொம்ப நேரம் துடிச்சிருக்குமா?" என்று கேட்டார். "இல்லை" என்றேன். அது பொய்.

புருஷன்மேல் வழக்கு நடந்தது. அவன் முன்பே ஒருமுறை அவளை வெட்டியிருக்கிறான் என்று கூண்டில் நின்று சொன்னேன். அவனுடைய வக்கீல் பழைய சீட்டை எடுத்து நீட்டினார்.

"இது உங்கள் கையெழுத்துதானே?"

"ஆமாம்."

"மீன் நறுக்கும்போது என்று எழுதியதும் நீங்கள்தானே?"

"ஆமாம்."

கத்தியோடு அவன் ஓடியதைப் பார்த்ததாகப் போலீஸில் சொல்லியிருந்த அண்ணன், கோர்ட்டில் எதையும் பார்க்கவில்லை என்றார். வராந்தாவில் என்னைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டார்.

"தங்கச்சி புள்ளைங்க ரெண்டும் அவன் ஊட்டுல கீதுங்க டாக்டரம்மா. நான் இன்னா பண்றது?"

அவனை விடுதலை செய்துவிட்டார்கள்.

இப்போது அப்படியொரு கை வந்தால் யாரையும் கேட்காமல் போலீஸுக்குத் தகவல் எழுதிவிடுகிறேன். போன மாதம் ஒரு பெண் நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தையல்கூடப் போட்டுக்கொள்ளாமல், கையைப் புடவைக்குள் சுருட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.