கரடி ரெஃப்ளெக்ஸ்

என் மேசை லாச்சியில், சாவிகளுக்கும் செத்த பற்றரிகளுக்கும் அடியில், ஒரு ரெஃப்ளெக்ஸ் கிடக்கிறது. இருட்டில் வாகன வெளிச்சம் பட்டால் மின்னும் என்று நோர்வேயில் பிள்ளைகளின் உடுப்பில் தொங்கவிடுவார்களே, அதுதான். கரடி வடிவம். ஒரு காதில் பல் அடையாளம். என் தங்கச்சி கடித்தது. நாலு வயதில் அவள் செத்துப்போனாள். முப்பது வருடமாக இதை எறியவும் முடியவில்லை, எவரிடமும் காட்டவும் முடியவில்லை.

அப்போது நாங்கள் வடக்கே பாட்ஸ்பியோர்ட்டில் இருந்தோம். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் மீன் தொழிற்சாலையில் வேலை. தங்கச்சிக்குக் காய்ச்சல் ஏறிய அன்று பனிப்புயல். வந்து பார்த்த டொக்டர், பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்றார். ஆனால் மலைப்பாதையை மூடிவிட்டார்கள், விமானமும் வரவில்லை. மூன்று நாள் நாங்கள் நால்வரும் வீட்டுக்குள் காத்துக் கிடந்தோம். காற்று அடங்கியபோது மூன்று பேர்தான் இருந்தோம்.

சின்னப்பிள்ளைகளை நாங்கள் எரிப்பதில்லை, புதைப்பதுதான் வழக்கம். ஆனால் நிலம் கல்லாக உறைந்திருந்தது. அது இளகும்வரை பெட்டியைத் தேவாலயத்து அறையொன்றில் வைப்பதாகச் சொன்னார்கள். பெட்டியை மூடுமுன் அம்மா கரடியை என் கையில் தந்து, "அங்கை ஒரே இருட்டு. தங்கச்சியின்ரை ஜக்கெட்டிலை கொழுவி விடு" என்றார். எனக்கு ஒன்பது வயது. என்னுடைய ரெஃப்ளெக்ஸ் வெறும் பட்டி. அந்தக் கரடி மீது எப்போதுமே எனக்கு ஒரு கண். கொழுவுவதுபோலக் குனிந்து, கையுறைக்குள் ஒளித்தேன். "கொழுவிட்டன் அம்மா" என்றேன். பாசத்தால் செய்தேன் என்று பிற்பாடு எனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறேன். இல்லை, ஆசைதான்.

இப்போது நானும் அம்மாவும் ஒஸ்லோவில், வெஸ்ட்லி அடுக்குமாடியில் இருக்கிறோம். அப்பா இல்லை. போன கிழமை வடக்கிலிருந்து கடிதம் வந்தது: கல்லறை இடத்துக்குத் தந்த தவணைக் காலம் முடிந்துவிட்டது, இனிக் கட்டணம் கட்டித் தொடர்ந்து வைத்திருக்கிறீர்களா, விடுகிறீர்களா? அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். விடவே மாட்டேன் என்று அழுவார் என்றுதான் நினைத்தேன்.

அம்மா கடிதத்தை வாங்கி மடித்தார். "விடுவம் பிள்ளை. முந்தி, அவள் இருட்டிலை கிடக்கிறாள் எண்டு எனக்கு நித்திரையே வாறேல்லை. பிறகு நினைப்பன், நீ கொழுவின கரடி அவளிட்டை இருக்குத்தானே எண்டு. அதாலைதான் இவ்வளவு காலமும் உயிரோடை இருந்தனான். இடம் போனாலும் கரடி அவளோடை இருக்கும்."

வாயைத் திறந்தேன். "ஓம் அம்மா" என்றுதான் வந்தது. இந்த வயதில் அவரிடமிருந்து அந்த வெளிச்சத்தைப் பறிக்க எனக்கு மனமில்லை. மறைத்து வைத்திருக்கவும் வெட்கமாக இருக்கிறது.

கடிதத்தில் கையெழுத்துப் போட்டேன். பேனையை வைக்க லாச்சியைத் திறந்தபோது, மேசை விளக்குப் பட்டு, சாவிகளுக்கு அடியில் கரடி மின்னியது. அம்மா திரும்புவதற்குள் மூடிவிட்டேன்.